இத்தனை நாளும் எப்படிச் சாப்பிட்டீங்க?

“இந்த அஞ்சு வருஷமும் எப்படிச் சாப்பிட்டீங்க?”

கம்பெனி வக்கீல் கேட்டது இவ்வளவுதான். 2016 ஆவணி மாசம், தொழிலாளர் கோர்ட். சினிமாவில் வருகிற கூண்டெல்லாம் கிடையாது. இடுப்பளவுக்கு ஒரு மரத்தடுப்பு. எனக்கு முன்னால் நின்ற அத்தனை பேரும் கை வைத்து வைத்து அதன் மேல்கட்டை வழுவழுவென்று ஆகியிருந்தது. நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டு நின்றேன். வக்கீல் கையில் ஒரு போட்டோ. அதில் நான் ஒரு கடை வாசலில் குத்தவைத்து, அஞ்சு எச்.பி. மோட்டார் ஒன்றின் வயிற்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, ஒன்றும் தெரியாது. படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

வேலையை விட்டுத் தூக்கியது நியாயமா இல்லையா என்பதுதானே வழக்கு, சாப்பாட்டைப் பற்றி எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்கும் முதலில் புரியவில்லை. வேலை போன வழக்கில் ஜெயித்தால், வெளியே இருந்த காலத்துக்குப் பின்சம்பளம் உண்டா என்ற கேள்வி வரும். இடையில் வேறு இடத்தில் சம்பாதித்திருந்தால் அது குறையும், இல்லாமலும் போகும். அதாவது, வழக்கு பத்து வருஷம் இழுத்தால் பத்து வருஷமும் நீ பட்டினி கிடந்தாயா என்பதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். பட்டினி கிடந்தவன் கோர்ட்டு வாசல்வரை எப்படி நடந்து வருவான் என்பதை யாரும் கேட்பதில்லை.

நான் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீஷியன். பேர் வேண்டாம். பதினாலு வருஷ சர்வீஸ். 2010 தீபாவளிக்கு போனஸ் கேட்டு ஒரு மனு எழுதினோம். சட்டப்படி குறைந்தபட்சம் 8.33 சதவீதம். அதற்கு மேலே ஒரு பைசா கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டதில் முதல் மூன்று பேருக்கும் பொங்கலுக்குள் ஆளுக்கொரு காரணம் சொல்லிக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. நைட் ஷிப்டில் கார்டிங் மெஷின் மோட்டார் எரிந்ததற்கு என் கவனக்குறைவு காரணம், கேட்ட மேலதிகாரியை மரியாதைக் குறைவாகப் பேசினேன் என்று எனக்கு. மோட்டார் எரிந்தது நிஜம். பேசினதும் கொஞ்சம் நிஜம். உள்விசாரணை அதிகாரி கம்பெனி அமர்த்திய வக்கீல். நாலே அமர்வில் முடித்துவிட்டார். 2011 ஆடியில் பதிவுத் தபாலில் டிஸ்மிஸ் ஆர்டர் வந்தது. என் வாழ்க்கையில் வேகமாக நடந்த ஒரே விசாரணை அதுதான்.

தொழிலாளர் துறையில் நடந்த சமரசப் பேச்சில் சொல்ல ஒன்றும் இல்லை. கம்பெனி ஆள் ஒரு நாள் வந்தார், இரண்டு நாள் வரவில்லை. 2010-இல் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்திருந்தது. சமரச அலுவலரிடம் மனுக் கொடுத்து 45 நாள் ஆகியும் வழி பிறக்கவில்லை என்றால் நாமே நேராகத் தொழிலாளர் கோர்ட்டுக்குப் போகலாம். அப்போது வேலை போன நாளிலிருந்து மூணு வருஷத்துக்குள் போய்விட வேண்டியிருந்தது. போனோம். அதே சட்டத்தில், தனி ஆளுடைய தகராறை அரசாங்கம் கோர்ட்டுக்கு அனுப்பினால் மூணு மாசத்துக்கு மேற்படாமல் கெடு குறிக்க வேண்டும் என்றும் ஒரு வரி இருந்தது. வக்கீல் அதைக் காட்டியதும், மகள் ஸ்கூல் பீஸுக்கு மச்சானிடம் வாங்கியிருந்த கடனை மூணு மாசத்தில் தந்துவிடுவதாகச் சொல்லிவிட்டேன். அவரும் நம்பினார். ரெண்டு பேரும் சட்டப் புத்தகத்தை அப்படி நம்பினோம்.

அப்புறம் வாய்தா.

வாய்தா என்றால் தெரியாதவர்களுக்கு: காலையில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முக்கூடல் பக்கத்து ஊர் எங்களுடையது. திருநெல்வேலி ஜங்ஷனுக்கு ஒரு பஸ், அங்கிருந்து பாளையங்கோட்டைக்கு இன்னொன்று. பத்தரை மணிக்குக் கோர்ட் வராந்தாவில் நிற்க வேண்டும். டவாலி பெயரைக் கூப்பிடுவார். கூப்பிடும்போது நாம் டீக்கடையில் இருந்துவிடக் கூடாது என்பதற்காக டீயே குடிக்காமல் நிற்போம். பெயர் வரும். வக்கீல் எழுந்து நிற்பார். எதிர்த்தரப்பு வக்கீலின் ஜூனியர் ஒரு வரி சொல்வார். அடுத்த தேதி. கட்டு ஒரு அடுக்கிலிருந்து இன்னொரு அடுக்குக்குப் போகும். மொத்தம் ஒரு நிமிஷம் ஆகுமா? ஆகாது. பிறகு பொஞ்சாதி கட்டிக்கொடுத்த புளிச்சோறை மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி ரெண்டு பஸ்.

ஒரு நோட்டுப் போட்டேன். நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு, மகள் மிச்சம் வைத்தது. தேதி, என்ன நடந்தது, எவ்வளவு செலவு என்று மூன்று பத்தி. நடுப்பத்தியைப் படித்தால் இப்போது சிரிப்பு வருகிறது. ‘எதிருரைக்கு.’ ‘எதிருரைக்கு.’ ‘எதிருரை தாக்கல், நமக்கு நகல் தரவில்லை.’ ‘நகலுக்கு.’ ‘நீதிபதி லீவு.’ ‘வக்கீல்கள் பாய்காட்.’ ‘பாய்காட்.’ ‘நீதிபதி மாறுதல், புது ஆள் வரவில்லை.’ ‘கம்பெனி வக்கீலுக்கு மாமியார் இறப்பு.’ இந்தக் கடைசி வரிக்கு நேராக, வேறு பேனாவில், ‘இது ரெண்டாம் தடவை’ என்று எழுதியிருக்கிறேன். பாவம், நிஜமாகவே அவருக்கு ரெண்டு மாமியார் இருந்திருக்கலாம்.

முழுசா ரெண்டு வருஷம் உள்விசாரணை முறைப்படி நடந்ததா என்ற ஒரே கேள்வியில் போனது. தொழிலாளர் கோர்ட்டில் இதை முதற்கட்ட எழுவினா என்று தனியாக எடுத்துக்கொள்வார்கள். விசாரணை சரியில்லை என்று தீர்ப்பானாலும் வழக்கு முடியாது. கம்பெனி கோர்ட்டிலேயே புதிதாகச் சாட்சி வைத்துக் குற்றத்தை நிரூபிக்கலாம். அதாவது முதலிலிருந்து. இப்படி முதற்கட்ட எழுவினாவை வைத்துத் தொழிலாளியை வருஷக்கணக்கில் அலைக்கழிப்பது கூடாது, எல்லாக் கேள்வியையும் ஒன்றாக விசாரித்துத் தீர்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி 1983-லேயே டி.பி. மகேஸ்வரி வழக்கில் கண்டித்து எழுதியிருக்கிறார். என் வக்கீல் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்தார். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி வைத்திருந்தேன். முப்பது வருஷம் கழித்தும் அதே வராந்தாவில் அதே கேள்விக்காக நின்றுகொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

காத்திருப்பதில் ரொம்பக் கஷ்டம் கோர்ட்டில் இல்லை. கல்யாண வீட்டில் இருக்கிறது. பந்தியில் இலை போட்டு உட்கார்ந்ததும் பக்கத்து இலைக்காரர் திரும்புவார். “என்னவே, கேஸு என்னாச்சு?” நடக்கு என்றால், “இன்னுமா நடக்கு?” என்பார். அந்த ‘இன்னுமா’வில் ஒரு இழுவை இருக்கும் பாருங்கள், நாமே வேணுமென்று இழுத்தடிக்கிற மாதிரி. அடுத்து ஒரு கதை வரும்: அவருக்குத் தெரிந்த ஒருவர் ஆறே மாசத்தில் ஜெயித்து அரியரோடு வேலைக்குப் போய்விட்டார். அந்த ஒருவரை இன்றுவரை நான் தேடுகிறேன். நாலைந்து கல்யாணத்துக்குப் பிறகு ஒரு பதில் கண்டுபிடித்தேன். “கேஸ் நல்லாருக்கு அண்ணாச்சி, நீங்க எப்படி இருக்கிய?” சிரித்துவிட்டு ரசத்துக்குப் போய்விடுவார்கள். அம்மாவிடம் மட்டும் இது செல்லாது. அவளுக்கு வாய்தா தேதி தெரிந்தால் முந்தின நாளே சாப்பிட மாட்டாள், அதனால் தேதியையே சொல்வதை நிறுத்தினேன். பாளைக்கு மோட்டார் சாமான் வாங்கப் போறேன் என்பேன். பாதி நிஜம்.

இப்போது அந்த மோட்டார் விஷயத்துக்கு வருகிறேன்.

வேலை போன முதல் வருஷம் நான் ஒன்றும் செய்யவில்லை. நாளைக்கே ஆர்டர் வந்துவிடும் என்கிற நினைப்பு. யூனிபார்மைத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். வீட்டை ஓட்டியது பொஞ்சாதிதான். எங்கள் பக்கம் முக்கால்வாசி வீட்டில் பீடி சுற்றுவார்கள். அவளும் சின்ன வயசிலிருந்தே சுற்றியவள். எனக்கு வேலை இருந்தபோது ஒரு கைச்செலவுக்குச் சுற்றியது, இப்போது அரிசிக்கு. காலையில் வாசல் தெளித்ததும் தார்சாவில் மடியில் சொளவை (முறம்) வைத்து உட்காருவாள். ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையை எடுத்து, தகட்டை வைத்து அளவுக்கு வெட்டி, ஒரு சிட்டிகைத் தூள் வைத்துச் சுருட்டி, நூலைச் சுற்றி, நுனியை மடக்கிக் குத்துவாள். கண் சொளவில் இருக்காது. டிவியில் இருக்கும், தெருவில் இருக்கும், சில நேரம் என் மேல் இருக்கும். ஆயிரம் பீடிக்கு எத்தனை தடவை விரல் மடங்கும் என்று ஒரு நாள் எண்ணப் பார்த்தேன். முந்நூறில் விட்டுவிட்டேன். அன்று சாயந்திரம்தான் அவள் சொன்னாள்: “கோர்ட்டு கூப்பிடுத அன்னைக்குப் போங்க. மத்த நாளும் கோர்ட்டுலயே இருக்கீயளே.”

மறுவாரம் மச்சான் பெயரில் மெயின் ரோட்டில் ஒரு பத்துக்குப் பத்து அறை பிடித்தேன். மோட்டார் வைண்டிங். ஆலையில் எரிந்த மோட்டாரால்தானே எல்லாம், அதையே தொழிலாக வைத்துக்கொள்வோம் என்று ஒரு வீம்பும் இருந்தது. கார், பிசானம் என்று நெல்லு ரெண்டு போகத்திலும் கிணற்றடி மோட்டார் எரிந்துகொண்டே இருக்கும். லோ வோல்டேஜ் புண்ணியம். எரிந்த காயிலை உளி வைத்து வெட்டி எடுக்கும்போது ஒரு வாடை வரும், கருகின வார்னிஷும் எலி செத்ததும் கலந்தாற்போல. சட்டையில் ஏறினால் ரெண்டு நாளைக்குப் போகாது. பழைய காயிலில் எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று எண்ணிக் குறித்துக்கொண்டு, ஸ்லாட்டில் பேப்பர் வைத்து, அதே எண்ணிக்கையில் புதுக் கம்பியை இறக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராவது வந்து “கேஸ் என்னாச்சு?” என்றால் எண்ணிக்கை போச்சு, முதலிலிருந்து பிரிக்கணும். அதனால் கடைக்கு வந்து அந்தக் கேள்வியைக் கேட்க எல்லாருக்கும் பயம். எனக்கு வேண்டியதும் அதுதான். காத்திருக்கிறவனுக்குப் பொறுமை சொல்லிக்கொடுக்க ஊரெல்லாம் ஆள் உண்டு. எனக்குப் பொறுமையெல்லாம் கிடையாது, இருந்ததும் இல்லை. எண்ணுவதற்கு வேறொன்று இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் கடை திறந்த அன்றிலிருந்து ஒரு பயமும் கூடவே உட்கார்ந்திருந்தது. போர்டு மாட்டவில்லை. பில் புக் அடிக்கவில்லை. மகள் ஸ்கூலில் ஒரு பாரம் கொண்டுவந்தாள், தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம். “என்னப்பா எழுத?” மில் தொழிலாளி என்று எழுதினால் பொய். வைண்டிங் கடை என்று எழுதினால் அந்தப் பாரம் எங்கே போய் யார் கையில் சேருமோ. ‘கூலி’ என்று எழுதச் சொன்னேன். அவள் எழுதினாள். அந்த எழுத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் இந்த வழக்கின் மேல் எனக்கு உண்மையான கோபம் வந்தது. அதுவரை கம்பெனி மேல் மட்டும்தான்.

சரி, மரத்தடுப்புக்கு வருவோம். போட்டோவைக் காட்டிவிட்டு வக்கீல் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். முந்தின நாள் ஊரில் ஒருவர், கோர்ட்டில் நிறைய அனுபவம் உள்ளவர், “சும்மா நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்னு சொல்லிரும்வே” என்று யோசனை சொல்லியிருந்தார். என் வக்கீலோ, “கேட்டா உள்ளதைச் சொல்லுங்க, வருமானத்தையும் சேத்துச் சொல்லுங்க” என்றார். உள்ளதைச் சொன்னேன். மோட்டார் கட்டுகிறேன், சீசனில் மாசம் மூவாயிரம் நாலாயிரம் நிற்கும், சீசன் இல்லாவிட்டால் வாடகைக்கே சரி, மிச்சம் வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். நீதிபதி சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தார். கோர்ட்டுத் தமிழே தனி. கேள்வியும் பதிலும் ஒரே வாக்கியமாகிவிடும். ‘நான் மோட்டார் பழுது பார்க்கும் தொழில் செய்து வருகிறேன் என்றால் சரிதான். அதில் போதிய வருமானம் வருகிறது என்றால் சரியல்ல.’ கையெழுத்துப் போடும்போது அந்த ரெண்டு வரியை மட்டும் ரெண்டு தடவை படித்தேன். கொஞ்ச நாளைக்கு வீட்டிலும் இது ஓடியது. “சோறு போடவா?” “பசிக்கிறது என்றால் சரிதான்.”

2017-இல் தீர்ப்பு. பணித்தொடர்ச்சியோடு மீண்டும் வேலை, பின்சம்பளத்தில் பாதி. குற்றம் ஓரளவு இருந்தாலும் அதற்கு டிஸ்மிஸ் அதிகம் என்றால் தண்டனையைக் குறைக்கத் தொழிலாளர் கோர்ட்டுக்கு அதிகாரம் இருந்தது, தொழில் தகராறுச் சட்டத்தின் 11-ஏ பிரிவு. அது எனக்குக் கைகொடுத்தது. பாதிச் சம்பளம் கிடைத்ததற்கு 2013-இல் உச்ச நீதிமன்றம் தீபாலி குண்டு சுர்வாசே என்ற மகாராஷ்டிர ஆசிரியை வழக்கில் சொன்னது உதவியது. அநியாயமாக நீக்கப்பட்டவருக்குப் பின்சம்பளம் கொடுப்பதுதான் பொதுவான முறை, வேறு வேலை இல்லை அல்லது குறைந்த சம்பளத்தில்தான் இருந்தேன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால் அதை மறுத்து நிரூபிப்பது முதலாளி பாடு, வழக்கு இழுத்ததற்காகத் தொழிலாளியைத் தண்டிக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பில், வேலை போனவன் குடும்பத்தில் பிள்ளைகளுக்குச் சத்தான சாப்பாடு போகும், படிப்புப் போகும், சொந்தக்காரர்களிடம் கை நீட்ட வேண்டி வரும் என்றும் எழுதியிருக்கிறார்கள். யாரோ டெல்லியில் உட்கார்ந்து என் மச்சானைப் பற்றி எழுதின மாதிரி இருந்தது.

தீர்ப்பு வெளியாகி 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். அந்த 30 நாளுக்குள் கம்பெனி மதுரை ஹைகோர்ட்டுக்குப் போய் ரிட் போட்டுத் தடை வாங்கிவிட்டது. 2004-இல் மதுரைக் கிளை வந்ததால் நமக்கு மிச்சமானது சென்னைப் பயணம், அதற்கு நன்றி. இந்தத் தடவை நோட்டுத் தேவைப்படவில்லை. முந்தின நாள் சாயந்திரமே நெட்டில் வழக்குப் பட்டியல் வந்துவிடும். என் நம்பர் இருக்கிறதா என்று கடையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நூற்றுச் சொச்சமாவது வரிசையில் இருந்தால் அன்று வராது என்று எனக்கே தெரிய ஆரம்பித்தது.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இந்தக் கட்டத்தில் இருந்தால் ஒன்று சொல்ல வேண்டும். வேலை கொடுக்கச் சொன்ன தீர்ப்பை எதிர்த்து முதலாளி மேல் கோர்ட்டுக்குப் போனால், அங்கே வழக்கு நடக்கிற காலத்துக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தைத் தரவேண்டும் என்று தொழில் தகராறுச் சட்டத்தில் 17-பி பிரிவு இருந்தது; 2025 நவம்பரில் அந்தச் சட்டம் போய்ப் புதுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது, இப்போது எப்படி என்று வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது தானாக வரவில்லை, மனுப் போட வேண்டியிருந்தது. எந்த நிறுவனத்திலும் வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரமும் கொடுக்க வேண்டியிருந்தது. மறுபடியும் அதே சாப்பாட்டுக் கேள்வி! கடையை மறைக்காமல் வருமானத்தோடு எழுதிக் கொடுத்தோம். கம்பெனி ஆட்சேபித்தது. போதுமான வருமானம் இல்லை என்று எனக்குச் சாதகமாக உத்தரவானது. 2019-லிருந்து மாசம் 7,850 ரூபாய். 2011-இல் வாங்கிய அதே சம்பளம், ஒரு ரூபாய் கூடாது. கடைசியாக வாங்கிய சம்பளம் என்றால் வேலை போன அன்றைக்கு வாங்கியதுதான் என்று தேனா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் எப்போதோ முடிவு சொல்லிவிட்டது. விலைவாசி ஏறலாம், 7,850 ஏறாது. ஆனாலும் முதல் தடவை பேங்கில் விழுந்த அன்று அதிலிருந்து ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு மச்சான் வீட்டுக்குப் போனேன்.

வக்கீல் பீஸ் கொடுக்க முடியாதவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இலவச சட்ட உதவிக்கு ஏழையாக இருந்தால்தான் உண்டு என்று நினைக்கிறோம். 1987-ஆம் வருஷச் சட்டப்படி தொழிற்சாலைத் தொழிலாளி என்பதே ஒரு தகுதி. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம், 15100 என்ற நம்பருக்குப் போன் போட்டும் கேட்கலாம். எனக்கு இது ஏழாம் வருஷம்தான் தெரிந்தது.

கூட வேலை போன மற்ற ரெண்டு பேரும் நடுவில் தொகை வாங்கிக்கொண்டு முடித்துக்கொண்டார்கள். ஒருவர் ஆட்டோ வாங்கினார். இன்னொருவர் மகளைக் கட்டிக்கொடுத்தார். விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று சங்கத்தில் சிலர் பேசினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எனக்குப் பீடி சுற்ற ஒருத்தி இருந்தாள். இல்லாவிட்டால் நானும் அந்த ஆட்டோவில்தான் போயிருப்பேன்.

2020-இல் கொரோனா வந்து கோர்ட்டே பூட்டிக் கிடந்தது. அந்த ஒரு வருஷம்தான் யாரும் கேஸைப் பற்றிக் கேட்கவில்லை.

2023 டிசம்பர் 17 ராத்திரி மழை ஊருக்கே தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி எங்கள் தெருவுக்குள் வந்தது. நான் கடைக்கு ஓடி ஸ்டேட்டர்களை மேடேற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பினால் முழங்கால் தண்ணீர். அவள் பரண்மேல் ஏற்றி வைத்திருந்தது மூன்று: ரேஷன் கார்டு, பீடி பி.எப். பாஸ்புக், வழக்குக் கட்டு. இலைச் சாக்கு மிதந்துகொண்டிருந்தது. கட்டின் அடிப்பாகம் மட்டும் எப்படியோ நனைந்திருந்தது. மூன்று நாள் கழித்து வெயில் வந்ததும், கொடியில் துணி கவ்வியை மாட்டி ஒவ்வொரு தாளாகக் காயப்போட்டோம். அச்சடித்த எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ரப்பர் ஸ்டாம்பு மை மட்டும் ஊதா நிறத்தில் பரவி நின்றது. ‘என்றால் சரியல்ல’ தாள் காற்றில் ஆடிக்கொண்டிருந்ததை மகள் போனில் படம் எடுத்தாள். அவள் அப்போது காலேஜ் ரெண்டாம் வருஷம்.

2024 ஐப்பசியில் ரிட் மனு தள்ளுபடி. உத்தரவு நகலோடு ஆலை வாசலுக்குப் போனேன். வாட்ச்மேன் புது ஆள். யாரைப் பார்க்கணும் என்றார். நான் வேலைக்கு வந்திருக்கேன் என்றேன். அவர் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, “சொந்தக்காரப் பையனுக்கா அண்ணாச்சி?” என்று கேட்டார். உள்ளே நான் எரித்ததாகச் சொன்ன கார்டிங் மெஷின் இல்லை. அந்த இடத்தில் வேறொன்று ஓடியது, அதன் பேனலை ஒரு சின்னப் பையன்தான் எனக்குச் சொல்லித் தந்தான். மரியாதையாகச் சொல்லித் தந்தான்.

முதல் மாசச் சம்பளம் வந்த அன்று சாயந்திரம் தார்சாவில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “இனி சொளவை எடுத்து வச்சிரு, போதும்” என்றேன். கம்பெனி ரெண்டு நீதிபதி அமர்வுக்கு மேல்முறையீடு போட்டிருக்கிறது என்று அன்று காலையில்தான் வக்கீல் போன் பண்ணியிருந்தார். அதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவள் நூலைப் பல்லில் கடித்து அறுத்துவிட்டு, அடுத்த இலையை எடுத்துக்கொண்டே கேட்டாள்.

“வாய்தா என்னைக்குன்னு சொன்னாவ?”